நரியும் எட்டு முட்டையும் ஒரு டிபன் பாக்ஸும்

அனகாபுத்தூரில் விமானம் தலைக்கு மேல் போகும்போது யாரும் பேசமாட்டார்கள். பேசியும் பிரயோஜனமில்லை. குழாயடியில் சண்டை போடுகிறவர்கள்கூட ஓங்கிய கையோடு அப்படியே நின்று, சத்தம் போனதும் விட்ட கெட்ட வார்த்தையிலிருந்து தொடருவார்கள்.

இந்த ஊர்ப் பழக்கத்தை வகுப்பறைக்குள் முறைப்படி கொண்டுவந்தவர் கோகிலவாணி மிஸ். ஒன்றாம் வகுப்பு, பி பிரிவு. விமானச் சத்தம் தூரத்தில் கேட்டதுமே வலது உள்ளங்கையை உயர்த்திவிடுவார். பிள்ளைகள் திறந்த வாய் திறந்தபடி நிற்பார்கள். 'யெலி' வெளியே வந்திருக்கும். 'பென்ட்டு' வாய்க்குள் காத்துக்கொண்டிருக்கும். கை இறங்கினால் பென்ட்டும் இறங்கும்.

ஆமாம், யானைக்கு இங்கே யெலிபென்ட்டுதான். தொல்லையே அதுதான்.

தமிழ் வாய்க்கு ஒரு சுபாவம் உண்டு. 'எ' என்று மொட்டையாக ஆரம்பிக்க அதற்கு மனசு வராது. முன்னால் ஒரு 'ய்' போட்டுத்தான் வாசல் தாண்ட விடும். வார்த்தை வெடுக்கென்று முடிந்தாலும் பொறுக்காது. தனியாகப் போகிறதே பாவம் என்று பின்னால் ஒரு 'உ'வைத் துணைக்கு அனுப்பும். பஸ் பஸ்ஸு ஆகும், புக் புக்கு ஆகும், முன்னும் பின்னும் துணை சேர்ந்து ஓல்ட் வோல்டு ஆகும். இங்கிலீஷின் கடைசி எழுத்தான இசட்டுக்கோ இந்த வீட்டில் பாய் விரிக்கவே இடமில்லை. வரிக்குதிரை எந்த ஊர் மிருகக்காட்சி சாலையில் இருந்தாலும் இங்கே அது சீப்ராதான்.

கோகிலவாணிக்கும் அதே வாய்தான். அதே ஊரில் பிறந்து, தமிழ் வழியில் படித்து, தபால் வழியில் பட்டம் வாங்கியவர். இங்கிலீஷைக் கண்ணால் கற்றவர், காதால் கேட்டதில்லை. புத்தகத்தில் எழுத்து எப்படி நின்றதோ அப்படியே வாயிலும் நிற்க வைத்தார். அதனால் ஒரு நஷ்டமும் வந்ததாக அவருக்குத் தெரியவில்லை. அவரிடம் படித்த பிள்ளைகள் மார்ச் மாதத்துக்குள் கடைப் பலகை, பஸ் பலகை, பிஸ்கெட் உறை என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாசிப்பார்கள். முதன்முதலாகத் தானே ஒரு வரியை வாசித்து முடித்த பிள்ளை நிமிர்ந்து பார்க்கும் பார்வை ஒன்று இருக்கிறதே, அதற்காகத்தான் அவர் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். வெளியே சொன்னால் சம்பளத்தைக் குறைத்துவிடுவார்கள் என்று சொன்னதில்லை.

பள்ளித் தாளாளர் ராஜாராமன் கிழக்குத் தாம்பரத்திலிருந்து காரில் வருபவர். கெட்டவர் அல்லர். பெற்றோர் ஒருவர் தும்மினால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும், அவ்வளவுதான். பிப்ரவரியில் ஒருநாள் கோகிலவாணியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"மிஸ், நான் ஃப்ராங்க்கா சொல்லிடறேன். பேரன்ட்ஸ் கம்ப்ளெயின்ட் வருது. பாலுவோட அம்மா இருக்காங்கள்ல, சத்யபிரியா, மளிகைக் கடை வச்சிருக்காங்களே, அவங்களே வந்து கேக்கறாங்க. பையன் முட்டைக்கு எக்ஸ்னு சொல்லாம யெக்ஸுங்கறானாம்."

"அவுங்களும் அப்டித்தான சார் சொல்றாங்க?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'நாங்க சொல்லலாம் சார், நாங்க ஃபீஸ் கட்டிப் படிக்கலையே'ங்கறாங்க."

கோகிலவாணி யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது. "சரி சார், திருத்திடறேன். யெக்ஸுனு சொல்லக் கூடாது, யெக்ஸ்னு சொல்லணும்னு சொல்லித் தந்துடறேன்."

ராஜாராமன் கண்ணை மூடிக்கொண்டார்.

மூடியபடியே விஷயத்தைச் சொல்லிவிட்டார். மார்ச் கடைசியில் பெற்றோர் தினம். வேளச்சேரியிலிருந்து மிருதுளா என்றொரு மேடம் வருவார். குழந்தைகளுக்கு இங்கிலீஷ் உச்சரிப்பு சொல்லித் தருவதில் பேர் வாங்கியவர். அவர் முன்னால் ஒன்று பி ஒரு பாட்டைச் சுத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்னால் வகுப்பு கோகிலவாணிக்கே. சொல்லாவிட்டால் ஜூனிலிருந்து அது மிருதுளா கையில். கோகிலவாணி கீழ்த்தளத்து டே கேருக்குப் போக வேண்டியது. அங்கே இருப்பவை கைக்குழந்தையும் தவழும் குழந்தையும். யெக்ஸும் சொல்லாது, எக்ஸும் சொல்லாது, எதையும் வாசிக்காது, நிமிர்ந்தும் பார்க்காது.

"இன்னொன்னு மிஸ். தப்பா எடுத்துக்காதீங்க. இங்கிலீஷ் பீரியட்ல நீங்க பேசாதீங்க. ஏதாவது ஆடியோ போட்டுடுங்க. பசங்களுக்கு உங்க ஆக்சென்ட் சளி மாதிரி ஒட்டிக்குது."

'தப்பா எடுத்துக்காதீங்க' என்று ஒருவர் சொன்னால் அதை வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. கோகிலவாணி வழியெல்லாம் வாயைத் திறக்காமல் வீட்டுக்கு நடந்தார். காய்கறி வண்டிக்காரரிடம்கூடக் கத்தரிக்காயைக் கையால்தான் காட்டினார்.

வீட்டில் மகள் தமிழினி, பிளஸ் ஒன். அம்மாவை ஓட்டுவதற்காகவே பிறந்தவள்.

"இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

கோகிலவாணி சொன்னார். தமிழினி சிரிக்கப் போனாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை முழுங்கிவிட்டாள். முழுங்கியதில் விக்கல் வந்துவிட்டது.

"அதுக்கு இன்னாம்மா பேஜார்? போன்ல வெள்ளக்கார ஆன்ட்டி பாட்டு ஆயிரம் கீது. ஒண்ணப் போட்டு வுடு."

"இஸ்கூல்ல டவரே கெடைக்காதுடி."

"வூட்ல ரெக்கார்டு பண்ணி எடுத்துகினு போ."

தமிழினியே தேடி ஒரு பாட்டை எடுத்தாள். கிழட்டு நரி ஒன்று எட்டு முட்டைகளைக் கண்டெடுத்து மிருகக்காட்சி சாலையில் ஒளித்து வைக்கும். வரிக்குதிரை போய் அவற்றின் மேல் உட்கார்ந்து அடைகாக்க, எட்டு வரிக்குதிரைக் குட்டிகள் பொரிக்கும். 'அன் ஓல்ட் ஃபாக்ஸ் ஃபவுண்ட் எய்ட் எக்ஸ்' என்று ஆரம்பம். அனகாபுத்தூர் வாய் எங்கெங்கே வழுக்குமோ அங்கங்கே பார்த்து எண்ணெய் ஊற்றி வைத்தாற்போல் ஒரு பாட்டு.

அந்த வீட்டில் சமையலறை ஜன்னலோரம்தான் டவர் வரும். ஆகவே மறுநாள் காலை அடுப்புக்கு அருகில் பதிவு நடந்தது. தமிழினியின் போன் பாடியது, அம்மாவின் பழைய போன் கேட்டுக்கொண்டது. முதல் தடவை விமானம் வந்தது. அடுத்த தடவை மீன்காரர் வந்தார். அதற்கடுத்த தடவை பாதிப் பாட்டில் நெட் நின்று வட்டம் சுற்ற ஆரம்பித்தது. நின்ற அந்த இடைவெளிக்குள் குக்கர் நீளமாக ஒரு விசில் அடித்தது. திருமுடிவாக்கம் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவர் ரத்தினம் உள்ளேயிருந்து கத்தினார்: "கோகிலா! டிபன் பாக்ஸு எங்க கீது?"

கோகிலவாணியும் பதிவை மறந்து கத்தினார்: "அய்யே! உன் கையிலதான்யா கீது! கண்ண இன்னா வாடகைக்கு வுட்டுட்டியா?"

உடனே வட்டம் நின்று, வெள்ளைக்கார ஆன்ட்டி ஒன்றும் நடக்காதது மாதிரி வரிக்குதிரையைப் பாட ஆரம்பித்துவிட்டாள். மற்றபடி பதிவு சுத்தமாக இருந்தது.

"நடுவுல கீறத வெட்டிடுடி."

"வெட்டிட்றேம்மா," என்றாள் தமிழினி. அந்த வீட்டில் அதற்கு 'மாட்டேன்' என்று பொருள்.

வகுப்பில் போனை மேஜையில் வைத்துவிட்டு, கோகிலவாணி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். பாட்டு ஓடும்; பிள்ளைகள் கூடவே சொல்லும். குக்கர் வரும் நேரத்துக்குச் சரியாக மிஸ் உள்ளங்கையை உயர்த்துவார். பிள்ளைகள் விமானத்துக்கு நிற்பதுபோலவே நிற்பார்கள். ரத்தினம் டிபன் பாக்ஸைத் தேடி, திட்டு வாங்கி முடித்ததும் கை இறங்கும், வரிக்குதிரை வரும். இந்த ஏற்பாடு எவ்வளவு ஒழுங்காக நடந்தது என்றால், அப்புறம் அதை வெட்ட வேண்டும் என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை. பிள்ளைகளுக்கு மூடச் சொன்னால் மூடிக்கொள்ளும் வாய்தான் இருக்கிறது, மூடுகிற மாதிரி காது இல்லை என்பதையும் யாரும் யோசிக்கவில்லை.

முதல் நாளே பாலு எழுந்து கேட்டான். மளிகைக் கடை சத்யபிரியாவின் மகன், முன்பல் இரண்டும் விழுந்தவன். "மிஸ், உங்களுக்குத் தொண்ட கட்டிகிச்சா?"

ஆமாம் என்று தலையாட்டினார். வேறென்ன சொல்வது?

மறுநாள் அவன் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் வந்தது. பிரித்தால் பனங்கற்கண்டு, ஒரு பக்கம் எறும்போடு. அதற்கு அடுத்த நாளும் வந்தது. கடையில் கற்கண்டு எங்கே போகிறது என்று சத்யபிரியா எலியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த காலம் முழுவதும் கோகிலவாணி தினம் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டு, தன் வகுப்பில் தானே பேசாமல் உட்கார்ந்திருந்தார்.  

பிள்ளைகளின் நாக்கு மாறிவிட்டதா என்றால், பாட்டில் மாறிவிட்டது. எக்ஸ் என்றால் எக்ஸ்தான், வெட்டினாற்போல். ஸூவும் ஸீப்ராவும் தேனீ மாதிரி ரீங்காரமிட்டன. பாட்டு முடிந்த அடுத்த நொடி, "மிஸ், இவன் யென் பென்ஸிலு யெடுத்துட்டான்!"

பெற்றோர் தினம் சனிக்கிழமை காலை. மொட்டை மாடியில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருந்தார்கள். முன்வரிசையில் மிருதுளா மேடம். கைத்தறிப் புடவை, சின்ன வயசு. பக்கத்தில் ராஜாராமன். கடைசி வரிசையில், லீவு போட்டுவிட்டு வந்த ரத்தினமும் தமிழினியும்.

பிள்ளைகள் மேடை ஏறும் முன் ராஜாராமன் கோகிலவாணியிடம் வந்தார். "மிஸ், நீங்க ஸ்க்ரீனுக்குப் பின்னாடியே இருந்துடுங்க. ப்ராம்ப்ட் பண்ற மாதிரி தெரியக் கூடாது. பசங்க தானா சொல்லணும்."

"சார், நான் கண்ணு முன்னாடி இருந்தா பசங்களுக்குத் தெம்பா..."

"ப்ளீஸ் மிஸ்."

திரைக்குப் பின்னால் போய் நின்றார். கிழிசல் வழியாகப் பிள்ளைகளின் முதுகும் கூட்டத்தின் முகமும் தெரிந்தன.

ஆரம்பம் அமர்க்களம். 'அன் ஓல்ட் ஃபாக்ஸ்' என்று மொத்த வகுப்பும் ஒரே குரலில் எடுத்தபோது மிருதுளாவின் புருவம் உயர்ந்தது. 'எய்ட் எக்ஸ்' வந்தபோது சத்யபிரியா பக்கத்து நாற்காலிக்காரியின் தொடையில் ஓர் அடி வைத்தாள். ராஜாராமன் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். நரி முட்டையை மிருகக்காட்சி சாலையில் ஒளித்து வைத்தது. ஸூ என்ற கடைசி ஓசை பந்தலில் ரீங்காரமிட்டு அடங்கியது.

அடங்கியதும்தான் கோகிலவாணிக்கு நினைவு வந்தது. கை! அங்கே கையைக் காட்ட யாரும் இல்லை.

"உஷ்ஷ்ஷ்ஷ்..." என்றது ஒன்று பி. குக்கர் விசில், ஆவி அடங்கும் கடைசி 'ஸ்' வரைக்கும்.

பிறகு, அனகாபுத்தூரில் பிறந்து வளர்ந்த கட்டைக் குரலில், ஒரே மூச்சில்: "கோகிலா! டிபன் பாக்ஸு எங்க கீது?"

"அய்யே! உன் கையிலதான்யா கீது! கண்ண இன்னா வாடகைக்கு வுட்டுட்டியா?"

அடுத்த நொடி பந்தலே பிய்த்துக்கொண்டது. முன்வரிசை முதல் கடைசி வரிசை வரை எல்லாத் தலையும் ரத்தினம் பக்கம் திரும்பியது. அவர் தமிழினியின் துப்பட்டாவை இழுத்துத் தன் முகத்தை மூடிக்கொண்டார். தமிழினி நாற்காலிக்குக் கீழேயே இறங்கிவிட்டாள். ராஜாராமன் நீட்டிய காலை மடக்கிக்கொண்டார்.

சிரிப்பு நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு என்ன தப்பு செய்தோம் என்றே தெரியவில்லை; பாட்டை அச்சு மாறாமல் சொன்னதற்கா இத்தனை சிரிப்பு? அடுத்த வரியைப் பாதிப் பிள்ளைகள் எடுத்தார்கள், பாதிப் பேர் விட்டுவிட்டார்கள். ஸீப்ரா சீப்ராவாகி, பிறகு ஒன்றுமே இல்லாமல் போயிற்று. முன்னால் நின்ற பாலு திரும்பித் திரும்பித் திரையையே பார்த்தான். அவன் உதடு பிதுங்க ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் விமானம் உறுமியது.

வெளியே போனால், 'ஸ்க்ரீனுக்குப் பின்னாடி' என்ற பேச்சை மீறியதாகும். இருக்கிற கொஞ்சநஞ்ச வாய்ப்பும் போய்விடும். இதையெல்லாம் கோகிலவாணி யோசித்தார், ஆனால் மேடைக்கு நடுவில் வந்து நின்ற பிறகுதான் யோசித்தார். வலது உள்ளங்கை உயர்ந்திருந்தது.

பிள்ளைகள் நின்றார்கள். பிதுங்கிய உதடு பிதுங்கியபடியே நின்றது. விமானம் தலைக்கு மேல் வந்ததும் பழக்க தோஷத்தில் கூட்டமும் அடங்கிவிட்டது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் பல் தெரிய அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். வேளச்சேரி மிருதுளா மட்டும் என்ன நடக்கிறது என்று புரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தார்.

விமானம் போயிற்று. கை இறங்கியது.

"அ ஸீப்ரா சாட் ஆன் எவ்ரி ஒன்!" ஒரு குரல்கூடப் பிசகவில்லை. எட்டுக் குட்டிகளும் பொரித்தன. பாலு கடைசி வரியை மிஸ்ஸின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான், கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

கைதட்டல் ஓய்ந்ததும் மிருதுளா மேடை ஏறினார். சிரித்துச் சிரித்துக் கண் மையெல்லாம் கன்னத்தில் இருந்தது. பாலுவின் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து, "கண்ணா, முட்டைக்கு இங்கிலீஷ்ல என்ன?" என்றார்.

"யெக்ஸு."

கூட்டம் மறுபடி சிரித்தது. ராஜாராமன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பதானே எக்ஸ்னு சொன்ன?"

"அது போன் ஆன்ட்டி சொல்றது." பாலு பொறுமையாக விளக்கினான். "யெக்ஸு யெங்க மிஸ்ஸு சொல்றது. முட்ட யெங்கம்மா சொல்றது."

"சரி, நீ எப்படிச் சொல்வே?"

பாலு அவரை மேலும் கீழும் பார்த்தான். "யார்ட்ட சொல்லணும் மிஸ்?"

மிருதுளா எழுந்து ராஜாராமனிடம் திரும்பினார். "சார், இவங்க நாக்குல ஒரு கோளாறும் இல்ல. எதைக் கேட்டாலும் அப்படியே சொல்றாங்க. குக்கர் சொல்றாங்க சார்! என்கிட்ட வர்ற குழந்தைங்களுக்கு இப்படிக் காது குடுத்துக் கேக்கவே வராது. நான் வேணா வாரத்துல ஒரு நாள் வரேன். ஆனா வகுப்புல இந்த மிஸ்தான் பேசணும், நான் கூட இருந்து பேசறேன். போன் வேண்டாம். சந்தேகம் கேட்டா போன் பதில் சொல்லாது."

ராஜாராமன் கூட்டத்தைப் பார்த்தார். எந்தப் பக்கம் தும்மல் வருகிறது என்று பார்க்கிற பார்வை. சத்யபிரியா எழுந்தாள்.

"சார், இங்கிலீஷு சூப்பரா கீது சார். ஆனா நடுவுல வந்துச்சே, அதான் சார் எங்களுக்குப் புரிஞ்சுது. அத மட்டும் எடுத்துடாதீங்க."

ராஜாராமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஜூன்லயும் ஒன் பி நீங்களே பாருங்க மிஸ்."

கோகிலவாணி உடனே நன்றி சொல்லவில்லை. "சார், அப்ப இங்கிலீஷ் பீரியட்ல நான் பேசலாமா?"

"பேசுங்க."

"யெக்ஸுனு வந்தா?"

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். "வரட்டும் மிஸ். வாரத்துல ஒரு நாள் மேடம் வராங்களே, வந்த யெக்ஸு அன்னிக்குத் திரும்பிப் போயிடும்."

பாலு வந்து முந்தானையை இழுத்தான். "மிஸ், தொண்ட சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சுடா."

"அப்ப கல்கண்டு வேணாமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அது வேணும்."

சத்யபிரியா எலிப்பொறி வைக்கும் யோசனையை அன்றோடு கைவிட்டாள்.

அதற்குப் பிறகு ரத்தினத்துக்குத்தான் ஊரில் நடமாட முடியவில்லை. திங்கட்கிழமை காலை பட்டறைக்குக் கிளம்பும்போது வீட்டுக்குள்ளேயே குரலைத் தாழ்த்திக்கொண்டார். டிபன் பாக்ஸ் என்ற சொல்லை வாயிலேயே எடுக்கவில்லை. வண்டியை உதைத்து நேரே தெருவுக்கு வந்துவிட்டார். முனையில் பள்ளி வேனுக்காக நின்றுகொண்டிருந்த ஒன்று பி அவரைப் பார்த்துவிட்டது. பாலு பாட்டு எடுத்துக் கொடுக்கிறவன் மாதிரி ஒரு விரலை உயர்த்தினான். அவ்வளவுதான்.

"அய்யே! உன் கையிலதான்யா கீது!"

"போங்கடா, எனக்குத் தெரியும்!" என்றபடி ரத்தினம் ஹேண்டில்பாரைப் பார்த்தார். டிபன் பாக்ஸ் பையைக் காணோம். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் பார்க்காமல் வண்டியைத் திருப்பினார்.

வாசலில் கோகிலவாணி டிபன் பாக்ஸோடு நின்றுகொண்டிருந்தார். அவர் வாயைத் திறக்கப் போனபோது ரத்தினம் அவசரமாக வலது உள்ளங்கையை உயர்த்தினார்.